மருதையன் பேசுறாங்க

கமருன்னிஸா அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு வருஷத்துக்கு மேல் எனக்கு அவருடைய குரல் மட்டும்தான் தெரியும். நான் தஞ்சாவூர் ஆபீஸில் டெலிபோன் போர்டு பார்த்தேன். அவர் மன்னார்குடி ரைஸ் மில்லில் போர்டு பார்த்தார். இரண்டுக்கும் ஒரே முதலாளி, தியாகராசன். நெல் வாங்குவதும் அரைப்பதும் மன்னார்குடியில். விலை பேசுவதும், கோர்ட்டுக்குப் போவதும், பெரிய மனிதர்களுக்கு மாலை வாங்குவதும் தஞ்சாவூரில்.

இரண்டு ஊருக்கும் நடுவே தபால் தந்தி இலாகாவிடம் வாடகைக்கு எடுத்த தனி லைன் ஒன்று வயல்களுக்கு மேலே ஓடியது. மன்னார்குடி சுற்றுவட்டாரத்தில் யாருக்கு முதலாளியிடம் பேச வேண்டும் என்றாலும் மில்லுக்குத்தான் போன் செய்வார்கள். அக்கா அதை வாங்கி, தனி லைனில் கம்பியைச் செருகி, கைப்பிடியைச் சுற்றுவார். என் போர்டில் சின்னத் தகர மூடி ஒன்று படக்கென்று விழும். நான் எடுத்து, யார் என்று கேட்டு, முதலாளி அறைக்குச் சொல்லி, அங்கே தருவேன். "இதுல என்ன இருக்கு, செருகுறதும் புடுங்குறதும்தானே" என்று என் வீட்டிலேயே சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இதைப் படிக்கட்டும்.

இதில் இருந்தது விகுதி. பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த அதே விகுதிதான். போன் வந்திருக்கிறது என்று முதலாளிக்குச் சொல்லும்போது "இன்னார் பேசுறாங்க" என்றால் அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "சொல்லுங்க" என்று எடுப்பார். கலெக்டர் ஆபீஸ், கட்சிக்காரர்கள், பெரிய வியாபாரிகள் எல்லாம் இந்த வகை. "பேசுறார்" என்றால் "ம்" என்று மட்டும் எடுப்பார். "பேசுறான்" என்றால் எடுக்கவே மாட்டார். "கணக்குப்பிள்ளைகிட்ட குடு" என்பார், இல்லாவிட்டால் "நான் இல்லைன்னு சொல்லு" என்பார். எங்கேயும் எழுதி ஒட்டாத சட்டம் இது. மேனேஜர் பஞ்சநதம் என்னை வேலைக்குச் சேர்த்த அன்றைக்கே வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிக்கொடுத்தார். ஆளின் பெயரைக்கூட முதலாளியும் மேனேஜரும் சரியாகக் கேட்டதில்லை, கடைசி எழுத்தைத்தான் கேட்டார்கள்.

போர்டில் ஒரு சாவியும் உண்டு. அதைத் தள்ளினால், நாங்கள் உள்ளே சொல்வதும் உள்ளே இருப்பவர் சொல்வதும் லைனில் காத்திருப்பவருக்குக் கேட்காது. தள்ளாவிட்டால் எல்லாம் கேட்கும். "நான் இல்லைன்னு சொல்லு" என்ற ஒரு வாக்கியத்துக்காகவே அந்தச் சாவியைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நான் நினைப்பதுண்டு.

அக்கா கூத்தாநல்லூர்க்காரர். வீட்டுக்காரர் லியாகத் அலி மெட்ராஸில் மண்ணடிப் பக்கம் ஒரு இரும்புக் கடையில் வேலை பார்த்தார். அந்தக் கடைக்காரர் பினாங்கில் இருக்கும் தன் கடைக்கு அனுப்புவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒரு பெருநாளைக்கு ஊருக்கு வந்துவிட்டுப் போன வீட்டுக்காரரிடமிருந்து அப்புறம் ஒரு தகவலும் இல்லை. கைக்குழந்தை நஃபீசாவைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா தபாலாபீஸுக்குப் போய், கடைக்கு டிரங்க் கால் போட்டு, பாதி நாள் காத்திருந்தார். லைன் கிடைத்தது. எடுத்த குமாஸ்தா சாவியைத் தள்ள மறந்துவிட்டார்.

"கூத்தாநல்லூர்லேருந்து ஒரு பொம்பள பேசுது. குடுக்கவா?"

"இல்லைன்னு சொல்லு."

இரண்டையும் அக்கா காதால் கேட்டார். பிறகு குமாஸ்தா இவரிடம் வந்து, "மொதலாளி இல்லம்மா" என்று வைத்துவிட்டார்.

இதை அக்கா என்னிடம் சொன்னபோது அழவில்லை. கோபம்தான் இருந்தது. "இல்லைன்னதுகூடப் பரவாயில்லடி ராஜாத்தி. ஆடு கத்துதுங்கிற மாதிரி 'பேசுது'ன்னான் பாரு. 'பேசுறாங்க'ன்னு சொல்லியிருந்தா அந்தாளு எடுத்திருப்பாரு. எடுத்திருந்தா இவரு உசுரோட இருக்காரா இல்லையான்னாவது அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்." உயிரோடுதான் இருந்தார் என்பது ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தது. பினாங்கில் இன்னொரு குடும்பத்தோடு சௌகரியமாக இருந்தார். அதுவரைக்கும் அக்கா வாயிலிருந்து ஒருவருக்கு "ன்" விகுதி விழுந்து நான் கேட்டது அந்தக் குமாஸ்தாவுக்கு மட்டும்தான். வீட்டுக்காரருக்குக்கூட "அவரு"தான்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்ததால் மில்லில் வேலை கிடைத்தது. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறி மன்னார்குடிக்குப் போனார். ஊரில் சும்மா இருப்பார்களா? சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் வாசலுக்கே வந்து, "ஊர் ஆம்பளைங்ககூட எல்லாம் பேசணுமாமே" என்று கேட்டிருக்கிறார். "பேசணும்தான். ஆனா முகம் தெரியாது. உங்ககிட்டல்ல முகம் தெரியப் பேசிக்கிட்டு இருக்கேன்" என்றாராம் அக்கா. பெரியவர் அந்தப் பக்கம் அப்புறம் வரவில்லை.

போர்டில் உட்கார்ந்த முதல் நாளிலிருந்து அக்காவுக்கு எல்லாரும் "ங்க"தான். நெல் தரகர் பேசுறாங்க, லாரி டிரைவர் பேசுறாங்க, சாக்கு தைக்கிறவங்க பேசுறாங்க. என்னிடமே லைனில் ஆள் இருந்தால் "தஞ்சாவூர், எடுங்க" என்பார். லைன் காலியானதும் "என்னடி, சாப்பிட்டியா?" என்பார். அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே நானும் உள்ளே சொல்லிவிடுவேன். வாங்கிய வார்த்தையை வாங்கியபடி கொடுப்பதுதான் வேலை சுத்தம் என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. தரகர்களையும் டிரைவர்களையும் முதலாளிக்குப் பெயராலேயே தெரியும் என்பதால் இந்த "ங்க"வினால் ரொம்ப நாள் ஒன்றும் ஆகவில்லை. "பாவம், மரியாதை தெரிஞ்ச பொண்ணு" என்று அவரே ஒருமுறை சொன்னார்.

எழுபத்தொன்று தை மாசம் வந்தது. கழக ஆட்சி வந்து நாலு வருஷம். தியாகராசன் வேட்டிக்குப் புதுக் கரை வந்தும் நாலு வருஷம். மேடை ஏறினால் மனிதருக்கு மனிதர் ஏற்றத்தாழ்வு ஏது என்று கேட்பார், கைதட்டல் வரும். கீழே இறங்கினால் வேறு கணக்கு. வயலில் உழுகிற குத்தகைதாரர் பெயரைத் தாலுகா ஆபீஸில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பதிந்துவிட்டால் நிலத்தை விட்டுக் கிளப்ப முடியாது. அதனால் பதிவதற்கு முன்னாலேயே கிளப்பிவிடப் பார்த்தார்கள். எங்கே பார்த்தாலும் செங்கொடி, போலீஸ் வேன், கோர்ட். விளைந்த சம்பாவை யார் அறுப்பது என்பதில் அந்த வருஷம் மண்டை உடைந்த ஊர்கள் நிறைய.

தியாகராசனுக்கு மன்னார்குடிக்குத் தெற்கே பன்னிரண்டு மா, அதாவது நாலு ஏக்கர் நிலம் ஒன்று உண்டு. அதை உழுதவர் மருதையன். அவருடைய அப்பாவும் அதே நிலத்தைத்தான் உழுதார். மருதையன் பதிவுக்கு மனுப் போட, முதலாளி ஆட்சேபணை மனுப் போட்டார். கதிர் சாய்ந்துகொண்டிருந்தது. வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்துவிடப் போவதாகப் பேச்சு அடிபட்டது. மருதையன் இரண்டு முறை தஞ்சாவூருக்கு வந்து எங்கள் ஆபீஸ் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார். மூன்றாவது முறை பஸ் காசைப் போனுக்குச் செலவழித்தார்.

"தஞ்சாவூர், மன்னார்குடி. முதலாளிக்கு. மருதையன் பேசுறாங்க."

நான் அப்படியே உள்ளே சொன்னேன். "ஐயா, மன்னார்குடி லைன். மருதையன் பேசுறாங்க."

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தியாகராசனுக்குத் தன் நிலங்களின் பெயர் எல்லாம் தெரியும், உழுகிறவர்களின் பெயர் தெரியாது. மருதையன் அவருக்குப் "பன்னெண்டு மாக்காரன்". அதோடு, மன்னார்குடிக்குப் புதிதாக வந்திருந்த தாசில்தாரின் போனை அவர் காலையிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். தாசில்தார் பெயரையும் யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றதை நான் பார்த்தேன். நான் லைனை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும், அதுதான் முறை. வரவில்லை.

"சொல்லுங்க சார், தியாகராசன் பேசுறேன்."

"வணக்கங்க. அந்தப் பன்னெண்டு மா பதிவு விஷயமாப் பேசலாம்னு."

"சார், அதுல சிக்கலே இல்ல சார். அவன் அப்பன் காலத்துலேருந்து அவன்தான் உழுவுறான். நான் இல்லைங்கலையே."

"ஆட்சேபணை மனு குடுத்திருக்கீங்களே?"

"அது வக்கீல் பண்ண வேலை சார். வாபஸ் வாங்கிட்டாப் போச்சு."

"அறுப்பு?"

"அவனே அறுத்துக்கட்டும் சார். நம்ம ஆளு ஒருத்தனும் வயல்ல எறங்க மாட்டான். வேற ஏதாச்சும் செய்யணுமா சார்?"

"வேற ஒண்ணும் வேண்டாங்க. அப்ப காலையில அருவா எடுத்துடறேன்."

"நீங்க எதுக்கு சார் அருவா எடுக்கணும்?"

"வயலு நான் உழுவுறதுதாங்களே. மருதையன்தாங்க நான்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு போர்டுக்குக் கீழே குனிந்துவிட்டேன். மன்னார்குடிப் பக்கம் அக்கா ஒரு சத்தமும் இல்லாமல் கம்பியைப் பிடுங்கினார்.

மறுநாள் விடிந்ததும் மருதையன் சொந்தபந்தங்களோடு வயலில் இறங்கினார். முதலாளியே போனில் சொல்லிவிட்டார் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். தடுக்க வந்த, முதலாளியின் நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் அது நிஜம்தானா என்று கேட்டு மில்லிலிருந்து போன் போட்டார். சொன்னேன் என்றால் நிலம் போகும், சொல்லவில்லை என்றால் பிறகு யாரிடம் பேசினீர்கள் என்ற கேள்வி வரும். தியாகராசன் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார். அவர் பார்ப்பதற்குள் நெல் களத்துக்குப் போய்விட்டது.

அன்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். "யாரு சொல்லி நீ 'பேசுறாங்க'ன்னு சொன்னே?"

"மன்னார்குடியில அப்படித்தாங்க சொன்னாங்க."

"இனிமே குத்தகைக்காரன், கூலிக்காரன் எவன் பேசினாலும் 'பேசுறான்'னுதான் சொல்லணும். ரெண்டு போர்டுக்கும் சேத்துதான் சொல்றேன். அவகிட்டச் சொல்லிடு. முடியாதுன்னா நாளையிலேருந்து வூட்டுல இருக்கட்டும்."

நான் அக்காவுக்குச் சொன்னேன்.

"எனக்கு வராது" என்றார்.

"வராதுன்னா?"

"நாக்குல வராதுடி."

எனக்குப் பயமாகிவிட்டது. அந்தச் சம்பளத்தில்தான் அக்கா வீட்டு அடுப்பு எரிந்தது. அம்மா ஆமினாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. நஃபீசா அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். பினாங்கிலிருந்து ஒரு பைசா வராது. தியாகராசன் விரட்டிய ஆளை மன்னார்குடியில் வேறு எந்த மில்லும் சேர்க்காது. "அக்கா, ஒரு எழுத்துதானேக்கா. விட்டுக் குடுத்துட்டுப் போங்களேன்" என்று கெஞ்சினேன்.

"ஒரு எழுத்துன்னா அவரு விட்டுக் குடுக்கட்டுமே" என்று அக்கா கம்பியைப் பிடுங்கிவிட்டார்.

முதலாளி கேட்டபோது, அக்காவுக்கு நாக்கில் வராதாம் என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டு நாள் கழித்துத் தியாகராசன் தானே காரில் மன்னார்குடிக்குப் போனார். அங்கே நடந்ததை அக்காவும் சொன்னார், மில்லில் எடை போடும் ரெத்தினமும் சொன்னார். இரண்டும் ஒத்துப்போனது. போர்டு அறை ஜன்னலில் மூட்டை தூக்குகிறவர்கள், சல்லடை போடும் பெண்கள், லாரிக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். வேலை போகப்போகிறதே பாவம் என்று பார்க்க வந்தவர்கள் பாதி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாதி.

"உனக்கு நாக்குல வராதாமே. நான் சொல்லித் தர்றேன். சொல்லு, மருதையன் பேசுறான்."

அக்கா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றவில்லை. "ஒருத்தருக்கு ஒண்ணு, இன்னொருத்தருக்கு ஒண்ணுன்னு பிரிச்சுச் சொல்ல எனக்கு வராதுங்க. எல்லாருக்கும் ஒண்ணாத்தான் வரும். 'ங்க' வேணாம்னா 'ன்' போட்டுடறேன். ஆனா எல்லாருக்கும் போட்டுடுவேன்."

அவர் கடைசி வாக்கியத்தைக் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன். அடங்கிவிட்டாள் என்ற சந்தோஷத்தில், "போடு. இப்பவே போட்டுக் காமி. தஞ்சாவூரைக் கூப்பிட்டு மேனேஜரைக் கேளு. நான் பேசணும்" என்று பக்கத்தில் இருந்த ரிசீவரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அக்கா கைப்பிடியைச் சுற்றினார். என் போர்டில் மூடி விழுந்தது.

"தஞ்சாவூர், மன்னார்குடி. மேனேஜருக்கு. தியாகராசன் பேசுறான்."

முதலாளி மன்னார்குடி போயிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அக்கா குரல் ஒரு பிசிறும் இல்லாமல் எப்போதும் போல இருந்தது. என் கைக்குப் பக்கத்தில் சாவி இருந்தது. தள்ளியிருந்தால் முதலாளிக்கு உள்பேச்சு கேட்டிருக்காது. அதை நான் மறந்துவிட்டேன் என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன். மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் தொடவில்லை, இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தோஷம்தான். மேனேஜர் அறைக்குப் போட்டு, வாங்கியதை வாங்கியபடி கொடுத்தேன்.

"சார், மன்னார்குடிலேருந்து தியாகராசன் பேசுறான்."

எங்கள் ஆபீஸில் முதலாளி பெயரை யாரும் வாயால் சொன்னதே கிடையாது. அவர் முதலாளி, இல்லாவிட்டால் ஐயா. பஞ்சநதம் பதினெட்டு வருஷமாக அங்கே இருந்தவர். ஆனாலும் அவர் காதுக்குப் பழகியது கடைசி எழுத்து மட்டும்தான்.

"எவன் அவன், தியாகராசன்? நெல்லு பாக்கின்னா கணக்குப்பிள்ளைகிட்டக் குடு. வேலையத்தவனுவோ. நான் இல்லைன்னு சொல்லு."

நான் லைனுக்கு வந்தேன். "மேனேஜர் இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க" என்றேன்.



மன்னார்குடியில் தியாகராசன் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாராம். அக்கா திரும்பி, எந்த வாடிக்கையாளரிடமும் கேட்பதுபோல் கேட்டார்: "கணக்குப்பிள்ளைக்குப் போட்டுத் தரவாங்க?"

ஜன்னலில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். ரெத்தினம்தான் என்று எனக்குச் சந்தேகம். தியாகராசன் ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார். அன்றைக்கு அக்கா கம்பியை இரண்டு தடவை தப்பான ஓட்டையில் செருகினாராம். அதையும் அவரே சொன்னார். "பயம் இல்லாம இல்லடி. அதுக்காக?" என்றார்.

வேலை போகவில்லை. முதலாளிக்கு நல்ல மனசு வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அக்காவை நிறுத்தினால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் நெல் மண்டி முழுக்கச் சிரிக்கும். அவர் வாயைத் திறக்காததற்கு அதுதான் காரணம். பஞ்சநதம் மட்டும் ஒரு வாரம் லீவு போட்டார், வயிற்று வலி என்று சொன்னார்கள். மருதையனே அறுத்ததை ஊரே பார்த்திருந்ததால், அடுத்த மாதம் வக்கீல் கை ஓய்ந்து, பன்னிரண்டு மாவில் மருதையன் பெயர் பதிவானது.

அதற்கப்புறம் நாங்கள் இருந்த வருஷமெல்லாம் தியாகராசன் அக்காவிடம் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. "குடு" என்று சொல்லத் தைரியம் இல்லை, "குடுங்க" என்று சொல்ல மனசு இல்லை. மில்லுக்குப் போனால் "தஞ்சாவூர்" என்பார், "மேனேஜர்" என்பார், நிறுத்திக்கொள்வார். நான் அதைச் சொல்லிச் சிரித்தபோது, "யோசிக்கட்டும்டி, அவசரம் ஒண்ணுமில்ல" என்றார் அக்கா.

தியாகராசன் போனை எடுக்கும் விதம் மட்டும் மாறிவிட்டது. இப்போது இரண்டு போர்டிலிருந்தும் வருவதெல்லாம் "பேசுறாங்க"தான். எந்த "ங்க" கலெக்டர், எந்த "ங்க" மருதையன் என்று அவருக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவும் இல்லை. அதனால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், யார் போன் வந்தாலும், அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்று "சொல்லுங்க" என்றுதான் எடுத்தார்.